பைக் வாங்கப் போய் 3,150 ரூபாய் போச்சு. நம்ம பக்கம் பழைய பொருள் வாங்கி அனுபவப்பட்டவங்க வந்து சொல்லுங்க

தென்பெண்ணைக்கரை (ஞாயிறு, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். ஊர் காவேரிப்பட்டணம் பக்கம், வேலை கிருஷ்ணகிரியில். பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்துப்போய், பழைய ஸ்பிளெண்டர் ஒன்று வாங்கிவிடலாம் என்று ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன். போன வாரம் ஒரு ஆப்பில் 2021 மாடல், கர்நாடகாவின் கே.ஏ. 51 நம்பர், 38 ஆயிரம் என்று போட்டிருந்தது. இடம் கிருஷ்ணகிரி என்றுதான் காட்டியது. அதே வருட மாடலுக்கு மற்றவர்கள் 50-க்கு மேல் சொல்கிறார்கள்.

போன் செய்தேன். ராணுவத்தில் இருக்கிறாராம். பெங்களூரிலிருந்து வடக்கே மாற்றல் ஆகிவிட்டதாம், வண்டி கேம்ப்பில் நிற்கிறதாம். அடையாள அட்டை, ஆர்.சி. இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பினார். தமிழ் கொஞ்சம் தடுமாறியது. வடக்கே ரொம்ப நாள் இருந்தவர் போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நம்ம ஊரிலேயே ஒரே வாக்கியத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வரும், அதனால் சந்தேகப்படத் தோன்றவில்லை.

என்னை விழ வைத்தது இதுதான்: "வண்டிப் பணம் இப்ப வேண்டாம் தம்பி. வண்டி உங்க வீட்டு வாசலுக்கு வரட்டும், ஓட்டிப் பாருங்க, பிடிச்சா கொடுங்க. இப்ப லாரி வாடகை 3,150 மட்டும் போடுங்க." 38 ஆயிரம் கேட்டிருந்தால் கண்டிப்பாகக் கொடுத்திருக்க மாட்டேன். 3,150 தானே என்று போட்டேன். ஒரு மணி நேரத்தில் சாக்கு சுற்றிய பைக் போட்டோ வந்தது, மேலே என் பெயர், "கிருஷ்ணகிரி" என்று மார்க்கரில் எழுதி. மறுநாள் காலை, "ஓசூர் செக்கிங்கில் நிற்கிறது, 5,500 கட்டணும், டெலிவரி ஆனதும் உங்களுக்கே திரும்ப வரும்" என்றார்கள். அப்போதுதான் உறைத்தது.

5,500 போடவில்லை. ஆனால் வீட்டில் சொல்லவும் இல்லை. இப்போது ஓசூரில் வேறு ஒரு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன், அதுவும் கே.ஏ. நம்பர்தான். அவரும் டோக்கன் 2,000 கேட்கிறார். பயமாக இருக்கிறது. என்னென்ன பார்க்க வேண்டும், சொல்லுங்கள்.

சும்மா_படிக்கிறவன் (ஞாயிறு, இரவு 9.58)

ராணுவக்காரர் கதை வந்து எத்தனை வருஷம் ஆச்சு! இன்னுமா படிச்சவங்க இதுல விழறீங்க?

அரூர்_அக்கா (ஞாயிறு, இரவு 10.15)

படிச்சவன், படிக்காதவன் என்பதெல்லாம் இதில் இல்லை தம்பி. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நானே விழுந்திருக்கிறேன், அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். பையன் முன்வந்து எழுதியிருக்கிறான், குத்திக் காட்டாதீர்கள். வீட்டில் சொல்லாமல் மறைக்கிறோம் பாருங்கள், அதை வைத்துத்தான் அவர்கள் தொழிலே நடக்கிறது.

தென்பெண்ணைக்கரை, முதலில் ஒன்று சொல்லுங்கள். சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்தீர்களா?

தென்பெண்ணைக்கரை (ஞாயிறு, இரவு 10.22)

இரண்டு நாள் கழித்துச் செய்தேன் அக்கா. புகார் எண் கொடுத்தார்கள். அந்தக் கணக்கில் பணம் இல்லையாம்.

செகண்ட்ஹேண்ட்_சிம் (ஞாயிறு, இரவு 10.51)

தர்மபுரியில் பழைய மொபைல் கடை வைத்திருக்கிறேன். 1930-ஐப் பொறுத்தவரை இரண்டு நாள் என்பது ரொம்ப லேட். நீங்கள் அனுப்பிய பணம் முதல் கணக்கில் நிற்பதே கொஞ்ச நேரம்தான். அங்கிருந்து இரண்டு மூன்று கணக்குக்குத் தாவி, ஏதோ ஒரு ஏ.டி.எம்.மில் வெளியே வந்துவிடும். கடைக்கு வரும் ஒரு பையன் 12 ஆயிரம் போட்டுவிட்டு, முக்கால் மணி நேரத்தில் கூப்பிட்டான். பாதிக்கு மேல் ஒரு கணக்கிலேயே முடக்கிவிட்டார்கள். முடக்கியது கைக்கு வர மாதக்கணக்கில் ஆனது, கோர்ட் உத்தரவெல்லாம் வாங்க வேண்டியிருந்தது. ஆனாலும் வந்தது.

கூப்பிடும்போது பணம் போன நேரம், தொகை, யு.டி.ஆர். என்று போட்டிருக்கும் 12 இலக்க எண், இந்த மூன்றும் கையில் இருந்தால் போதும். மற்ற கதையை அப்புறம் சைபர் கிரைம் இணையதளத்தில் எழுதிக்கொள்ளலாம்.

டபுள்ஸ்டாண்ட் (திங்கள், காலை 6.30)

ஆர்.டி.ஓ. வேலைகளை எடுத்துச் செய்பவன் நான், பதினைந்து வருடமாக. தம்பி, அந்த முதல் வண்டியின் போட்டோ இரண்டையும் தனியாக அனுப்பியிருந்தாய், பார்த்தேன். விளம்பரப் போட்டோவில் அலாய் வீல். சாக்கு சுற்றிய போட்டோவில் கீழே தெரிவது ஸ்போக் கம்பி. இரண்டும் வேறு வேறு வண்டி. யாருடைய பார்சலையோ போட்டோ எடுத்து, எடிட் செய்து உன் பெயரை ஏற்றியிருக்கிறார்கள். சரி, போனது போகட்டும்.

ஓசூர் வண்டிக்கு வருகிறேன். கே.ஏ. நம்பர் என்றாலே மோசடி என்று இல்லை. ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் கே.ஏ. வண்டிதான் வைத்திருக்கிறார்கள். ஆனால் விலை குறைவாகத் தெரிவதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. அந்த வண்டியை நீ நம்ம கிருஷ்ணகிரி நம்பர் டி.என். 24 ஆக்க வேண்டும் என்றால், கர்நாடக ஆர்.டி.ஓ.விடம் ஃபார்ம் 28-ல் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்க வேண்டும், இங்கே வண்டியின் வயதுக்கு ஏற்ப ஆயுள் வரி கட்ட வேண்டும், பிறகுதான் புது நம்பர். வெளிமாநில நம்பரிலேயே 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவு. இந்தச் செலவையெல்லாம் கூட்டினால் உள்ளூர் டி.என். 24 வண்டியின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். "என்.ஓ.சி. அப்புறம் வாங்கித் தரேன்" என்று சொல்கிறவன் பெரும்பாலும் வாங்கித் தர மாட்டான். கையில் என்.ஓ.சி. இருந்தால் மட்டும் மேலே பேசு.

அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போடு. உரிமையாளர் பெயரை நடுவில் நட்சத்திரம் போட்டு மறைத்திருப்பார்கள், ஆனால் தெரிகிற எழுத்துகள் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது, கடன் இருக்கிறதா, வண்டி ஏதாவது வழக்கில் பூட்டப்பட்டிருக்கிறதா என்பதும் வரும். அபராதத்தைத் தனியாகப் பார். பெங்களூரில் ஓடிய வண்டி என்றால் சிக்னல் கேமராவில் விழுந்த அபராதம் சிலசமயம் வண்டி விலையில் கால்வாசி இருக்கும், சிரிக்காதே.

நேரில் போகும்போது ஒரு பழைய துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய் எடுத்துக்கொள். ஸ்பிளெண்டரில் சேசிஸ் நம்பர் ஹேண்டிலுக்குக் கீழே கழுத்தில் அடித்திருக்கும். கிரீஸும் தூசியும் அப்பிக் கிடக்கும். துடைத்துவிட்டு விரல் நுனியால் தடவிப் பார். கம்பெனி அடித்த எழுத்து ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கும். அரம் போட்டு ராவி மறுபடி அடித்திருந்தால் அந்த இடம் மட்டும் லேசாகக் குழிந்திருக்கும், எழுத்து ஏறி இறங்கும். சுற்றிப் புது பெயின்ட் மினுங்கினால் இன்னும் உஷார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை அதன் மேல் வைத்து பென்சிலால் தேய். நம்பர் தாளில் இறங்கும். அதை ஆர்.சி.யோடு ஒப்பிடு. நாங்கள் ஆபீஸில் செய்வதும் இதே வேலைதான்.

தென்பெண்ணைக்கரை (திங்கள், காலை 8.05)

ரொம்ப நன்றி அண்ணா. அவர் இன்னொன்று சொன்னார். ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு ரெடியாக இருக்கிறதாம், "பேர் மாத்துறது உங்க இஷ்டம், அவசரமே இல்ல" என்றார். அது நல்லதுதானே?

டபுள்ஸ்டாண்ட் (திங்கள், காலை 8.40)

அதுதான் கெட்டது. கையெழுத்து யாருடையது? ஆர்.சி.யில் இருப்பவருடையதா, விற்கிறவருடையதா? வெற்று ஃபார்மில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வண்டி நாலு கை மாறும், ஆர்.சி.யில் மட்டும் முதல் ஆள் பெயரே நிற்கும். நாளைக்கு நீ பெயர் மாற்றப் போனால் அந்த முதல் ஆளுக்குத்தான் ஓ.டி.பி. போகும். அவர் எந்த ஊரில் இருக்கிறாரோ!

இதை விற்கிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். பெயர் மாற்றாமல் விட்ட வண்டி விபத்தில் ஒருவரை இடித்தால், நஷ்ட ஈட்டு வழக்கு ஆர்.சி.யில் பெயர் இருப்பவர் மேல்தான் வரும். வண்டி கைமாறி வருஷம் ஆகிவிட்டது என்று சொல்லித் தப்ப முடியாது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதனால் விற்பவர், வாங்குபவர், இருவரும் ஒன்றாக உட்கார்ந்து கையெழுத்துப் போடுங்கள்.

கறவைக்காரன் (திங்கள், மதியம் 1.20)

பைக்குக்காவது சேசிஸ் நம்பர் இருக்கிறது. மாட்டுக்கு?

இரண்டு வருடம் முன்பு நம்ம பக்கச் சந்தை ஒன்றில் கலப்பின ஜெர்சி ஒன்று பிடித்தேன். பெயர் வேண்டாம், சந்தை மேல் குறை இல்லை, என் மேல்தான். கிடாரிக் கன்றோடு (பெண் கன்று) 52 ஆயிரம். இரண்டாம் ஈத்து, அதாவது இரண்டாவது முறை கன்று போட்டது, வேளைக்கு ஆறு லிட்டர் என்றார் தரகர். மடி பானை மாதிரி இறுகியிருந்தது, காம்பிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது. என் அம்மா அதைப் பார்த்ததும், "பிடிடா" என்று விட்டார். தரகர் விலை பேசத் துண்டை விரித்தார், உள்ளே விரலைப் பிடித்தார், கயிறு கை மாறியது. கயிறு கை மாறிவிட்டால் அப்புறம் பேச்சு இல்லை.

வீட்டுக்கு வந்து அன்று சாயங்காலம் ஐந்தரை லிட்டர். மறுநாள் காலை மூன்று. அதற்கடுத்த வேளை இரண்டே முக்கால். அது உண்மையாகவே அவ்வளவுதான் கறக்கும் மாடு. முந்தின நாள் சாயங்காலமும் அன்று காலையும் கறக்காமல் விட்டு ஓட்டி வந்திருக்கிறார்கள்.

கன்றுக்குட்டி கதை இன்னும் கொடுமை. மாடு அதை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. ஊட்ட விட்டால் பின்னங்காலால் ஒரே உதை. பெத்த கன்றை எந்த மாடு உதைக்கும்? கிடாரிக் கன்று இருந்தால் விலை கூடும் என்று வேறு மாட்டின் கன்றை ஜோடி சேர்த்திருக்கிறார்கள்.

ஒரு வாரம் கழித்து ஊரில் பெரியவர் ஒருவர் வாயைப் பிளந்து பார்த்தார். எட்டுப் பல்லும் சேர்ந்து, மேலே தேய்ந்து தட்டையாகியிருந்தது. எட்டுப் பல் சேரவே நாலரை, ஐந்து வயசு ஆகும். தேய்ந்திருக்கிறது என்றால் அதற்கும் மேல். இரண்டாம் ஈத்தாவது, ஒன்றாவது! கொம்பின் அடியில் ஈத்துக்கு ஒன்றாக வளையம் விழும். அதையும் கண்ணாடித் துண்டு போட்டுச் சுரண்டி, எண்ணெய் தடவி வைத்திருந்தார்கள். எண்ணெய் பளபளப்பைப் பார்த்து, "எவ்வளவு சுத்தமா வெச்சிருக்காங்க பாரு" என்று அன்றைக்கு நான் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது யாருக்காவது மாடு பார்க்கப் போனால் சந்தைக்கே போவதில்லை. விற்கிறவர் கட்டுத்தறிக்குப் போவேன். ஒரு சாயங்காலம், மறுநாள் காலை, மறுபடி சாயங்காலம், மூன்று வேளை என் கண் முன்னால் கறக்க வேண்டும். முதல் பீச்சை கறுப்புத் துணியில் விட்டுப் பார்ப்பேன், நாலு காம்பிலும் தனித்தனியாக. திரிதிரியாக வந்தால் மடி நோய். காதில் மஞ்சள் தோடு இருந்தால் அந்த 12 இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு கால்நடை மருந்தகத்தில் கேட்பேன். ஊசி போட்டது, சினை போட்டது எல்லாம் அதில் ஏற்றியிருந்தால் ஈத்துக் கணக்கில் பொய் சொல்ல முடியாது.

சும்மா_படிக்கிறவன் (திங்கள், மதியம் 1.45)

மூணு வேளை உட்கார்ந்து பார்க்க எந்த விவசாயி விடுவான் அண்ணே? போய்ட்டு வா தம்பின்னு அனுப்பிடுவான்.

கறவைக்காரன் (திங்கள், மதியம் 2.10)

விடுவார்கள். காபி போட்டுக் கொடுத்து உட்கார வைப்பார்கள். விடாதவன் மாட்டை நான் வாங்குவதில்லை, அவ்வளவுதான்.

மாங்கொட்டை (திங்கள், இரவு 8.30)

உங்களுக்காவது மூன்றே வேளையில் தெரிந்தது. எனக்கு நான்கு வருடம் ஆனது.

போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர். ஒரு மினி லாரியில் மாங்கன்று ஏற்றிக்கொண்டு ரோட்டோரம் நின்றார்கள். சந்தூர் ஒட்டுக்கன்று, இமாம்பசந்த் என்றார்கள். சந்தூர் பெயரைச் சொன்னால் நம்ம பக்கம் யாரும் மறுபேச்சு பேச மாட்டோம், தலைமுறையாக ஒட்டுக் கட்டுகிற ஊர். நர்சரி விலையை விடக் குறைவு. 80 கன்று வாங்கி நட்டேன். சொட்டுநீர் போட்டு, கோடையில் தொட்டித் தண்ணீர் ஊற்றி வளர்த்து, முதல் காய்ப்பு வந்தது. காய் நீளமாக, நுனியில் கிளி மூக்கு வளைந்து தொங்கியது. பெங்களூரா! கூழ் ஆலைக்குப் போகும் காய். எண்பதில் எழுபதுக்கு மேல் அதுதான்.

பெங்களூரா கெட்ட ரகம் என்று சொல்லவில்லை. மாவட்டமே அதை நம்பித்தான் பிழைக்கிறது. ஆனால் ஆலை விலை விழுகிற வருடங்களில் பறிகூலிக்குக் கூடக் கட்டாமல் மரத்தடியிலேயே விடுகிறோம். அதனால்தானே வேறு ரகத்துக்குப் போனேன். இத்தனை வருடம் கழித்து அந்த மினி லாரியை எங்கே போய்த் தேடுவது? இப்போது கிளையை வெட்டி மேலொட்டு போட்டுக்கொண்டிருக்கிறேன், மறுபடி மூன்று வருடம்.

கன்று சிறிதாக இருக்கும்போது இலையைக் கசக்கி மோந்து ரகம் சொல்கிறேன் என்று பலர் வருவார்கள். வாசனையில் ஓரளவு தெரியும், சத்தியம் செய்ய முடியாது. கையில் பில் வேண்டும். உரிமம் உள்ள நர்சரியில், ரகம், எண்ணிக்கை, தேதி எழுதி வாங்குங்கள். அல்லது ஜீனூர் அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது, பருவத்துக்கு முன்னாலேயே போய்ச் சொல்லி வைக்க வேண்டும். ரோட்டில் நிற்கிறவனிடம் கீரை வாங்கலாம். இருபது வருடம் நிற்கப்போகிற மரத்தை வாங்கக் கூடாது.

அரூர்_அக்கா (திங்கள், இரவு 9.05)

என் கதையைச் சொல்கிறேன் என்றேனே. தேன்.

ஒகேனக்கல் போய்த் திரும்பும்போது வழியில் ஒருவர் அலுமினிய வாளியில் தேனடையோடு உட்கார்ந்திருந்தார். அடையில் நாலைந்து ஈ கூட ஊர்ந்துகொண்டிருந்தது. டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டார், அது கரையாமல் அடியில் போய் நின்றது. தீக்குச்சியைத் தேனில் நனைத்துப் பற்ற வைத்தார், எரிந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று ஒன்றரை லிட்டர் வாங்கினேன். வீட்டில் பாட்டில் ஓரத்தில் பத்தே நாளில் கல்கண்டு மாதிரி படிந்தது. சர்க்கரைப் பாகு என்று மாமியார் நாக்கில் வைத்ததுமே சொல்லிவிட்டார்.

சும்மா_படிக்கிறவன் (திங்கள், இரவு 9.20)

அசல் தேனும் உறையும் அக்கா. உறைஞ்சா பொய்த் தேன்னு சொல்றது தப்பு.

அரூர்_அக்கா (திங்கள், இரவு 9.41)

சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். உறைவதை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஆனால் அதே நியாயம் தண்ணீர் டம்ளருக்கும் தீக்குச்சிக்கும் உண்டு அல்லவா? கெட்டியாகக் காய்ச்சிய பாகும் அடியில் போய்த்தான் நிற்கும். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்டதைப் படித்த பிறகுதான் எனக்குத் தெளிந்தது. வழக்கமான ஆய்வகச் சோதனையையே தாண்டுகிற மாதிரி சர்க்கரைப் பாகு தயாரித்துக் கலக்கிறார்கள் என்று காட்டினார்கள். ஆய்வகத்தையே ஏமாற்றுகிறவன் என் டம்ளருக்கா பயப்படுவான்? அந்தச் சோதனை நடந்ததே நான் நம்புவதற்குத்தான். ஈ ஊர்ந்ததும் அதற்குத்தான்.

தராசுமுள் (செவ்வாய், காலை 7.15)

கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவன். எடை பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

சந்தைக்குப் போகும்போது என் பையில் பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட் இருக்கும். சந்தேகம் வந்தால் அதைத் தராசில் வைப்பேன். கவரோடு சேர்த்து ஒரு கிலோவுக்கு நாலைந்து கிராம் கூடக் காட்ட வேண்டும். போன மாதம் புளி வாங்கப் போன இடத்தில் 1,110 காட்டியது. அந்த ஆள் என் முகத்தையும் உப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பேட்டரி வீக்குங்க ஐயா" என்றார். பேட்டரி வீக்கானால் எடை அவர் பக்கமாகவே சாய்வது என்ன கணக்கோ!

எலக்ட்ரானிக் தராசுக்கு வருடம் ஒருமுறை முத்திரை போட வேண்டும். நம் மாநிலத்தில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை, பலர் போலீஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முத்திரைச் சான்றைக் கடையில் தெரியும்படி வைக்க வேண்டும். புளியில் இன்னொன்று: அடியில் கையை விட்டு ஒரு உருண்டையை எடுத்துப் பிட்டுப் பாருங்கள். மேலே காய்ந்து சிவப்பாகவும், உள்ளே ஈரமும் கொட்டையுமாகவும் இருந்தால் தண்ணீருக்கும் கொட்டைக்கும் காசு கொடுக்கிறீர்கள்.

ஆடு வாங்குகிறவர்கள் வயிற்றைப் பாருங்கள். உப்புத் தண்ணீர் குடிக்க வைத்து ஏற்றிய ஆடு இரண்டு விலாவும் உப்பி, மூச்சு வாங்கும்.

செகண்ட்ஹேண்ட்_சிம் (செவ்வாய், காலை 11.30)

எல்லோரும் விற்கிறவனையே திட்டுகிறீர்கள். விற்கிறவன் பக்கமும் கேளுங்கள். தீபாவளி நேரத்தில் ஒரு பையன் 9,000 ரூபாய் போனை எடுத்துக்கொண்டு, பணம் போட்டாச்சு என்று ஸ்கிரீனைக் காட்டினான். பச்சை டிக், என் கடைப் பெயர், சத்தம் எல்லாம் வந்தது. அவன் போனில் இருந்தது போலி ஆப். கூட்டத்தில் நான் என் கணக்கைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து ஸ்பீக்கர் பெட்டி சொல்லாமல், அல்லது என் பேங்க் ஆப்பில் ஏறாமல், கவரில் கூடப் போட மாட்டேன். அவன் போனில் வருவது எனக்குக் கணக்கே இல்லை.

அப்புறம் பின் நம்பர். பணம் வாங்க பின் போடத் தேவையே இல்லை, அனுப்ப மட்டும்தான். "உங்களுக்கு அட்வான்ஸ் அனுப்பறேன், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்றால் உங்கள் பணம்தான் போகும். யு.பி.ஐ.யில் ஆளுக்கு ஆள் பணம் கேட்டு கலெக்ட் ரிக்வெஸ்ட் அனுப்புவதை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள், அதனால் இப்போது கியூஆர் பக்கம் திரும்பியிருக்கிறார்கள்.

பழைய போன் வாங்குகிறவர்கள் ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடித்தால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்ற மூன்று எழுத்தை மட்டும் போட்டு, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணை எழுதி 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி ஆப்பிலும் பார்க்கலாம். திருட்டுப் போன் என்று முடக்கியிருந்தால் தெரிந்துவிடும். நான் அதைப் பார்க்காமல் எந்த போனையும் வாங்குவதில்லை. போலீஸ் வந்து கடையில் உட்கார்ந்தால் ஒரு வார வியாபாரம் போய்விடும்.

மலையடிவாரம் (செவ்வாய், மதியம் 3.00)

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் என் மாமாவிடம் ஒருவன், கிணறு தோண்டும்போது கிடைத்தது என்று பொட்டுத் தங்கத்தைக் கொடுத்து, "நீங்களே பத்தர்கிட்ட உரசிப் பாருங்க" என்றானாம். உரசினால் அசல். மீதி ஒரு சொம்பு நிறைய இருக்கிறது, 40 ஆயிரத்துக்குத் தருகிறேன் என்றிருக்கிறான். மாமா அத்தையின் நகையை அடகு வைத்து வாங்கி வந்தார். சொம்பில் இருந்தது பித்தளை மணி. போலீஸுக்கும் போக முடியவில்லை. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்று 1878-லிருந்து சட்டம் இருக்கிறதாம். "புதையலை ஏன் வாங்கின?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயந்து வாயை மூடிக்கொண்டார். அந்தச் சொம்பில் இப்போது அத்தை பவழமல்லி வைத்திருக்கிறார்.

தென்பெண்ணைக்கரை (ஞாயிறு, மாலை 6.50)

அப்டேட். டபுள்ஸ்டாண்ட் அண்ணா சொன்னபடி துணி, மண்ணெண்ணெய், பென்சில் சகிதம் ஓசூர் போனேன். டோக்கன் அனுப்பவில்லை, "நேரில் வந்து பார்த்துவிட்டுக் கொடுக்கிறேன்" என்றேன். ஒரு மாதிரியாகத்தான் பேசினார், ஆனால் வரச் சொன்னார். கையோடு அப்பாவையும் கூட்டிப் போனேன். போகிற வழியில், சூளகிரி தாண்டும்போது, 3,150 கதையைச் சொல்லிவிட்டேன். ஒரு பத்து நிமிடம் எதுவும் பேசவில்லை. பிறகு, "நான் 98-ல ஒரு டி.வி. வாங்கினேன், பெட்டிக்குள்ள செங்கல்" என்றார். இத்தனை வருடத்தில் இந்தக் கதை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

வண்டியின் சேசிஸ் நம்பர் சரியாக இருந்தது, பென்சில் தாளில் அழகாக இறங்கியது. அபராதம் இரண்டே இரண்டு. ஆனால் எம்பரிவாகனில் கடன் காட்டியது. கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. மறைக்கவில்லை, சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான். இன்னும் 11 ஆயிரம் பாக்கியாம். அதைக் கட்டத்தான் டோக்கன் கேட்டிருக்கிறார். இப்போது என்ன செய்வது? வண்டி பிடித்திருக்கிறது.

டபுள்ஸ்டாண்ட் (ஞாயிறு, இரவு 7.30)

அவர் கையில் பணம் கொடுக்காதே. இரண்டு பேரும் சேர்ந்து பைனான்ஸ் ஆபீஸுக்குப் போங்கள். கடன் கணக்கிலேயே நேராக 11 ஆயிரத்தைக் கட்டி, ரசீதை வாங்கு. அவர்கள் கடன் தீர்ந்த சான்றும் ஃபார்ம் 35-ம் கொடுப்பார்கள். அதை வைத்து ஆர்.சி.யில் கடனை நீக்கிவிட்டு, ஃபார்ம் 28-க்கு எழுதச் சொல். மீதிப் பணம் என்.ஓ.சி. கைக்கு வந்த அன்றைக்கு. இதையெல்லாம் ஒரு பேப்பரில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அவர் ஒத்துக்கொண்டால் நல்ல ஆள்.

தென்பெண்ணைக்கரை (திங்கள், இரவு 9.10)

ஒத்துக்கொண்டார் அண்ணா. இன்று கட்டியாச்சு. ரசீது அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது, என்னிடம் தர மாட்டேன் என்கிறார்.

அரூர்_அக்கா (திங்கள், இரவு 9.25)

கறவைக்காரன், அந்த ஜெர்சி என்ன ஆயிற்று என்று சொல்லவே இல்லையே?

கறவைக்காரன் (திங்கள், இரவு 10.02)

எங்கே விற்பது அக்கா! விற்றால் நானும் யாரிடமாவது இரண்டாம் ஈத்து என்று சொல்ல வேண்டும். கட்டுத்தறியில்தான் நிற்கிறது. வேளைக்கு மூன்று லிட்டர் கறக்கிறது, வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போதும். அந்தக் கன்றை இப்போது அதுவே நக்கிக் கொடுக்கிறது.